எம்.ஆர்.ஐ. மெஷின் பாதிப் படத்தை ஊகித்துப் போடுகிறதா?

பிப்ரவரி 3, இரவு 9:12 (கேள்வி)

அம்மாவுக்கு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சில வருஷம் முன்னால் இதே ஸ்கேனுக்கு முக்கால் மணி நேரம் படுக்க வைத்தார்கள். இந்த முறை கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். டெக்னீஷியனிடம் கேட்டேன். "இப்ப ஏ.ஐ. வந்துடுச்சு சார், மெஷின் கொஞ்சம்தான் எடுக்கும், மிச்சத்தை அதுவே போட்டுக்கும்" என்றார். அதுவே போட்டுக்கும் என்றால்? இல்லாத டிஸ்க் வீக்கத்தைப் போட்டுவிட்டால்? இருப்பதை அழித்துவிட்டால்? சிக்னல் பிராசசிங் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 11:05 (பதில்; இனி வருபவை எல்லாம் என்னுடையவை)

ஆமாம் தம்பி, போட்டுக்கொள்கிறது. ஆனால் பழைய முக்கால் மணி நேர ஸ்கேனிலும் மெஷின் படம் "பிடித்தது" கிடையாது. எம்.ஆர்.ஐ.யில் கேமரா இல்லை. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டினால் அவை திருப்பி ஒரு சிக்னல் கொடுக்கும். சுற்றியிருக்கும் காயில்கள் அதைப் பிடிக்கும். கையில் வருவது படத்தின் ஃபூரியர் எண்கள், அதாவது படத்தை அலைகளாகப் பிரித்தால் எந்த அலை எவ்வளவு என்று சொல்லும் எண்கள். அவற்றை அடுக்கும் கட்டத்துக்கு கே-ஸ்பேஸ் என்று பெயர். எளிய முறையில் ஒரு தட்டுக்கு ஒரு வரிதான் நிரம்பும். 256 வரி வேண்டுமா, 256 தடவை தட்டு. உள்ளே படுத்தவர்களுக்குத் தெரியும் அந்த டக்-டக்-டக். ஒவ்வொரு வரிக்கும் கிரேடியண்ட் காயிலில் மின்சாரம் மாறுகிற சத்தம் அது.

ஆக நேரம் போவது வரிகளில். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வைத்தாலும் அணு தன் வேகத்தில்தான் பழைய நிலைக்குத் திரும்பும். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் வரியைக் குறைத்தாக வேண்டும். கேள்வி, எடுக்காத வரியை எதை நம்பி நிரப்புகிறார்கள் என்பதுதான்.

பிப்ரவரி 4, காலை 7:40

ஒன்று விட்டு ஒன்று வரி எடுத்தால் என்ன ஆகும்? படம் தன்மேலேயே மடிந்து விழும். மூக்குக்குப் பக்கத்தில் பிடரி தெரியும். அலியாசிங். இதைப் பிரிக்க 1999இல் சென்ஸ், 2002இல் கிராப்பா என்று இரண்டு முறைகள் வந்தன. சுற்றி எட்டுப் பத்து காயில் இருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு அருகில் இருப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கும். அந்த ஏற்றத்தாழ்வை வைத்து, மடிந்து கிடப்பதில் எது மூக்கு, எது பிடரி என்று கணக்குப் போட்டுப் பிரிக்கலாம்.

உங்கள் அம்மாவின் பழைய ஸ்கேனிலும் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருந்திருக்கும். அப்போது யாரும் அதை ஏ.ஐ. என்று சொல்லவில்லை, நீங்களும் பயப்படவில்லை.

பிப்ரவரி 4, இரவு 10:20

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் பொறியியல் கல்லூரியில் டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்) பாடம் எடுத்தவன். பையன்களுக்கு வேறு எது மறந்தாலும் ஒன்று மறக்காது: ஒரு சிக்னலின் உச்ச அதிர்வெண் எவ்வளவோ, அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுக்க (அளக்க) வேண்டும். நைக்விஸ்ட் தேற்றம். காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதனால் சி.டி.யில் நொடிக்கு 44,100 சாம்பிள். இரண்டு மார்க் கேள்வி, நிச்சயம் வரும்.

2006இல் இரண்டு கட்டுரைகள். ஒன்று எம்மானுவேல் காண்டெஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் மூவரும் எழுதியது. இன்னொன்று ஸ்டான்ஃபோர்டின் டேவிட் டோனஹோ எழுதியது. அதன் பெயரே 'கம்ப்ரெஸ்ட் சென்சிங்'. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு வந்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் டீயை வைத்துவிட்டு, "நைக்விஸ்ட்டை மீறவெல்லாம் முடியாதுப்பா, வேற வேலை பாரு" என்றார். நானும் தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் தலையின் குறுக்குவெட்டு மாதிரி ஓவல்களால் வரைந்த ஒரு பரிசோதனைப் படம் உண்டு. ஷெப்-லோகன் ஃபாண்டம், 1974இல் வந்தது. காண்டெஸ் குழு 512-க்கு 512 அளவில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, ஃபூரியர் தளத்தில் மையத்தின் வழியே 22 கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டது. மொத்தத்தில் சுமார் 4 சதவீதம். மிச்சத்துக்கெல்லாம் பூஜ்யம் போட்டால் படம் கோடும் கீறலுமாக வரும். அதற்குப் பதிலாக, "கையில் உள்ள அளவுகளோடு ஒத்துப்போகும் எல்லாப் படங்களிலும் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக உள்ள படத்தைத் தேடு" என்றார்கள். கிடைத்தது அப்பட்டமாக அசல் படம். தேவலாம் ரகம் கிடையாது, அசலேதான்.

சமன்பாடுகள் குறைவு, தெரியாதவை அதிகம் என்றால் விடை எண்ணற்றது. எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணற்ற விடைகளில், பெரும்பாலான எண்கள் (அந்தப் பரிசோதனைப் படத்தில் என்றால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசங்கள்) பூஜ்யமாகவும் சொற்பமான எண்கள் மட்டும் கனமாகவும் உள்ள விடையைத்தான் நாம் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கதை மாறிவிடும். அதை நேரடியாகத் தேடினால் ஆயுசு போதாது. ஆனால் எண்களின் பருமன்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை சிறியதாக உள்ள விடையைத் தேடினால், பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. எண்ணெய் தேடும் ஜியோபிசிக்ஸ்காரர்கள் 1970களிலேயே இந்த வித்தையைப் பயன்படுத்தினார்கள். அது எப்போது பலிக்கும், எத்தனை அளவுகள் போதும் என்ற நிரூபணம்தான் 2006இல் வந்தது.

டோனஹோ கேட்டது எளிய கேள்வி. படத்தை முழுசாக எடுத்து, ஜேபெக் ஆக்கும்போது பெரும்பகுதியைத் தூக்கிப் போடுகிறோம். தூக்கிப் போடப் போவதை எதற்கு அளக்க வேண்டும்?

பிப்ரவரி 5, காலை 6:55

"அப்போ நைக்விஸ்ட் பொய்யா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

இல்லை. அந்தத் தேற்றம், சிக்னலைப் பற்றி உச்ச அதிர்வெண் தவிர வேறெதுவும் தெரியாதவருக்கானது. உங்களுக்கு இன்னொன்று தெரியும் என்றால் குறைவாக அளக்கலாம். அந்த இன்னொன்று தப்பாக இருந்தால் நாசம். இரண்டு மார்க் கேள்விக்கு விடை மாறவில்லை, நிம்மதியாகப் படியுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 9:30

இன்னொன்று விட்டுப்போயிற்று, முக்கியமானது. எந்த வரியை விடுவது என்பதில்தான் சூட்சுமம். ஒழுங்காக ஒன்று விட்டு ஒன்று விட்டால், மடிந்து விழும் பிடரி உண்மையான உறுப்பு மாதிரியே தெரியும். காயில்களின் உதவி இல்லாமல் இந்தத் தேடும் கணக்கால் மட்டும் பிரிக்க முடியாது. தாறுமாறாக விட்டால் அந்தத் தவறு படம் முழுக்கச் சிதறிப் புள்ளிப் புள்ளியாக, நாய்ஸ் மாதிரி ஆகிவிடும். நாய்ஸை ஓட்ட நமக்குத் தெரியும். மைக்கேல் லஸ்டிக், டோனஹோ, ஜான் பாலி 2007இல் எம்.ஆர்.ஐ.க்கு இதைக் கொண்டுவந்தபோது செய்தது இதைத்தான்: நடுவரிகளை நெருக்கமாக, ஓரத்து வரிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல. நடுவில்தான் படத்தின் வெளிச்சமும் நிழலும் இருக்கிறது, அதில் கஞ்சத்தனம் கூடாது.

பிறகு மையத்தைச் சுற்றிக் கோடு கோடாக 111.25 டிகிரி திருப்பித் திருப்பி எடுக்கும் முறையும் வந்தது. தங்க விகிதத்திலிருந்து வரும் கோணம். எங்கே நிறுத்தினாலும் கோடுகள் ஏறக்குறையச் சீராகப் பரவியிருக்கும். மூச்சை அடக்க முடியாத நோயாளிக்கு இது பெரிய வரம். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, விடாதீங்க" என்ற மைக் குரலைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். குழந்தைகளுக்கு இன்னும் பெரிய விஷயம். அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்கிறார்கள், நேரம் குறைந்தால் மருந்தும் குறையும்.

2007இல் கட்டுரை. 2017இல்தான் மெஷின் தயாரிக்கும் சீமென்ஸுக்கும் ஜி.இ.க்கும், மருத்துவக் கருவிகளை அனுமதிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி. இடையில் பத்து வருஷம், பெரும்பாலும் "தேடு" என்று நான் ஒரு வார்த்தையில் சொன்னதை நோயாளி மேஜையில் இருக்கும்போதே முடிக்கிற வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு.

பிப்ரவரி 6, மதியம் 1:15

இடைவேளை. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தடம் மாறுகிறேன்.

கொரோனா நாட்களில் ஐந்து பேர் சளி மாதிரியை ஒன்றாகக் கலந்து ஒரே டெஸ்ட் செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். அனுமதித்தது, அதிகபட்சம் 5. முக்கியமாகத் தொற்று விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில் செய்யலாம் என்று நிபந்தனை. ஏன் நிபந்தனை? இதே கதைதான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கே நோய் என்றால் பெரும்பாலான குழுக்கள் நெகட்டிவ், ஒரே அடியில் ஐந்து பேரை விடுவிக்கலாம். தொற்று ஏறிவிட்டால் எல்லாக் குழுவும் பாசிட்டிவ், கலந்தது வீண். பெரும்பாலான எண் பூஜ்யம் என்ற அனுமானம் உடைந்தால் முறையும் உடையும்.

யோசனை 1943இல் ராபர்ட் டார்ஃப்மன் சொன்னது, ராணுவத்துக்கு வரும் ஆட்களுக்கு சிஃபிலிஸ் டெஸ்ட் செய்ய. ஐ.ஐ.டி. பம்பாய்காரர்கள் 2020இல் 'டேப்பஸ்ட்ரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் சாம்பிள் ஒரே குழுவில் போகாது, பல குழுக்களில் போகும். எந்தக் குழுவில் வைரஸ் எவ்வளவு என்பதை வைத்து, ஒரே சுற்றில் யார் யார் என்று கம்ப்ரெஸ்ட் சென்சிங் கணக்கு கண்டுபிடிக்கும். யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதற்கு அவர்கள் எடுத்தது கிர்க்மேன் என்ற பாதிரியாரின் 1850ஆம் வருஷப் புதிர் வழி: 15 பள்ளி மாணவிகள் மூன்று மூன்று பேராக 7 நாள் நடக்கப் போகிறார்கள், எந்த இருவரும் இரண்டு முறை ஒரே வரிசையில் வரக்கூடாது. போட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் வேலை ஓடாது, நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 6, இரவு 10:50

இனி உங்கள் டெக்னீஷியன் சொன்ன ஏ.ஐ.

மேலே சொன்ன முறையில் அனுமானம் ஒரே வரி: "படத்தில் கனமான எண்கள் சொற்பம்." காகிதத்தில் எழுதலாம், எதிர்த்து வாதாடலாம். 2016க்குப் பிறகு வந்தவர்கள், "எதற்கு நாமே எழுத வேண்டும்? ஆயிரக்கணக்கான முழு ஸ்கேன்களைக் காட்டி, முழங்கால் எப்படி இருக்கும் என்று நியூரல் நெட்வொர்க்கே (உதாரணங்களிலிருந்து கற்கும் ஏ.ஐ. நிரல்) கற்றுக்கொள்ளட்டும்" என்றார்கள். பலன் அபாரம். இதை மறுப்பவர் படங்களைப் பார்க்காதவர்.

ஆனால் அனுமானம் இப்போது கோடிக்கணக்கான எண்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பெயின்ட் உதிர்ந்த பஸ் போர்டு ஒன்று தூரத்தில் வருகிறது, 'தாம்ப' மட்டும் தெரிகிறது. சென்னைக்காரன் தாம்பரம் என்று ஏறிவிடுவான், சரியாகவும் இருக்கும். 'திரு' மட்டும் தெரிந்தால்? மதுரையில் நிற்பவன் திருமங்கலம் என்பான், கோயம்புத்தூரில் நிற்பவன் திருப்பூர் என்பான். இருவரும் தயங்க மாட்டார்கள், ஏனென்றால் தினமும் பார்த்துப் பழகியது அதுதான். திருத்தணி பஸ் அன்றைக்கு வழிதப்பி வந்திருந்தால் இருவருமே தப்பு. நெட்வொர்க்கும் எந்த ஊரில் நின்று பழகியதோ அந்த ஊர் பஸ்ஸைத்தான் படிக்கும்.

நோய் என்பதே வழிதப்பி வந்த பஸ்தானே.

பிப்ரவரி 7, காலை 8:05

"கவித்துவமாகப் பயமுறுத்தாதீர்கள், ஆதாரம் இருக்கிறதா" என்று ஒருவர். நியாயம்.

நியூயார்க்கின் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையும் ஃபேஸ்புக் ஆய்வுப் பிரிவும் 2018இல் ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. என்று ஆரம்பித்தன. கே-ஸ்பேஸ் தரவை அப்படியே பொதுவில் வைத்தார்கள், அது பெரிய தர்மம். நானும் அதிலிருந்து முழங்கால் படங்களை இறக்கி வீட்டு மெஷினில் ஓட்டியிருக்கிறேன். 2020இல் மூளைப் படத்தில் போட்டி வைத்தார்கள்: வரிகளில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று. நாலில் ஒன்றுக்கு முடிவுகள் பிரமாதம். எட்டில் ஒன்றில், ஜெயித்த வரிசையில் இருந்த படங்களிலேயே இல்லாத அமைப்புகள் முளைத்திருந்ததை ரேடியாலஜிஸ்டுகள் பார்த்தார்கள். 'ஹாலுசினேஷன்' என்றே கட்டுரையில் எழுதினார்கள். சாட்பாட்டுகளுக்கு அந்தப் பெயர் பரவலாக ஒட்டிக்கொள்வதற்கு முன்னால்.

அதே வருஷம் ஆன்டுன், ஹான்சன் குழு பி.என்.ஏ.எஸ். இதழில் ஆறு நெட்வொர்க்குகளைச் சோதித்து எழுதியது. கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தை உள்ளே விட்டால் வெளியே படம் கோரமாகிறது. படத்துக்குள் சின்ன எழுத்துகளையும் சீட்டுக்கட்டுச் சின்னங்களையும் ஒளித்து வைத்தால் சில நெட்வொர்க்குகள் அவற்றை மெழுகிவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது: சில நெட்வொர்க்குகளில் அதிக வரிகளைக் கொடுத்தால் படம் மோசமாகிறது! எட்டில் ஒன்றுக்குப் பழகியதற்கு நாலில் ஒன்றைக் கொடுத்தால் திணறுகிறது.

பிப்ரவரி 7, இரவு 11:30

காலையில் எழுதியதைப் படித்தால், பழைய கணக்கு உத்தமம், புதுசு ஆபத்து என்று தொனிக்கிறது. அப்படி இல்லை. 2021இல் தாரஸ்தானி, சௌத்ரி, ஹெக்கல் மூவரும் இதே சோதனையைப் பழைய முறைகளுக்கும் வைத்தார்கள். கற்காத, பழைய கம்ப்ரெஸ்ட் சென்சிங்கும் அதே சிறு மாற்றத்துக்கு ஆடிப்போனது. ஒரு மருத்துவமனைத் தரவில் பழகி இன்னொன்றில் ஓட்டும்போதும் இருவகையும் தரம் இழந்தன. அளக்காததை நிரப்பினால் எவனும் தப்பலாம், அவ்வளவுதான்.

வேறுபாடு எங்கே என்றால், தப்பும்போது எப்படித் தப்புகிறது என்பதில். நான் கல்லூரியை விட்டுப் பின்பு மருத்துவ இமேஜிங் கம்பெனி ஒன்றில் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் (அளந்த எண்களிலிருந்து படத்தை உருவாக்கும்) கோடு எழுதினேன். பழைய முறையில் எல்லையை மீறினால் படம் கட்டம் கட்டமாக, எண்ணெய் பூசிய மாதிரி வழுவழுப்பாக வரும். பார்த்ததும் "இது சரியில்லை, திரும்ப எடு" என்று சொல்லலாம். புதுசு தப்பும்போதும் படம் பளிச்சென்று இருக்கும். எங்களோடு வேலை பார்த்த ரேடியாலஜிஸ்ட் ஒருவர் எங்கள் அழகான டெமோவைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நாய்ஸை விட்டு வையுங்கள், எதை நம்பக்கூடாது என்று எனக்கு அதுதான் சொல்கிறது என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, காலை 10:10

பளிச்சென்ற தப்புக்கு ஏ.ஐ.யே தேவையில்லை. 2013இல் டேவிட் க்ரீஸல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனி மெஷினில் ஸ்கேன் செய்தார். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். வெளியே வந்த பிரதியில் மூன்றுமே 14.13! மங்கலாக வந்திருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கொட்டை எழுத்தில், சுத்தமாக, தப்பாக. காரணம் ஜேபிக்-2 என்ற சுருக்கும் முறை. ஒரே மாதிரி இருக்கும் எழுத்துத் துண்டுகளை ஒன்றாகக் கருதி, ஒரு துண்டைச் சேமித்து எல்லா இடத்திலும் ஒட்டும். "ஒரே மாதிரி" என்பதில் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டது. 6 எல்லாம் 8 ஆன கதையும் உண்டு. கம்பெனி பிறகு சரிசெய்யும் மென்பொருளை வெளியிட்டது.

அந்த மெஷின்களில் வருஷக்கணக்காக ஸ்கேன் ஆன கணக்குப் புத்தகங்களை நினைத்தால் எனக்கு எம்.ஆர்.ஐ.யை விட அது பயம்.

பிப்ரவரி 8, மாலை 6:00

நிலா விஷயத்தையும் யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்டுவிட்டீர்கள். 2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர் நிலாப் படத்தை 170-க்கு 170 பிக்சலுக்குச் சுருக்கி, மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் போட்டு, இருட்டில் தூரத்தில் நின்று சாம்சங் போனில் எடுத்தார். போன் பள்ளங்களோடு நிலாவைக் கொடுத்தது. திரையில் அந்தப் பள்ளங்களே இல்லை. காட்சி நிலா என்று அடையாளம் கண்டால் விவரங்களை ஏ.ஐ. மேம்படுத்துகிறது என்று கம்பெனி விளக்கம் தந்தது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும், அதனால் இதில் யாருக்கும் சேதம் இல்லை. அம்மாவின் முதுகுத்தண்டு அப்படி இல்லையே.

எம்.ஆர்.ஐ. முறைகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் அநியாயம். நல்ல ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் நெட்வொர்க்குகள், நிரப்பிய படத்தைத் திரும்ப ஃபூரியர் எண்ணாக மாற்றி, அளந்த வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு படியிலும் பார்க்கும். அளந்ததை மீறி எழுத விடாது. நிலா போனுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்திருந்தால் திரையில் இருந்த மங்கலையே கொடுத்திருக்கும். ஆனால் அளக்காத வரிகளில் மட்டும் ஒளியக்கூடிய பொருள் இருந்தால் இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தெரியாது.

பிப்ரவரி 9, இரவு 9:45

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, "அப்போ நம்பலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார்.

ஒரே வார்த்தையில் என்றால், நம்பலாம். காரணம் இருக்கிறது. ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. குழு 2020இல் 108 பேரின் முழங்கால் படங்களை, எல்லா வரிகளையும் வைத்து ஒரு விதமாகவும், குறைந்த வரிகளை வைத்து ஏ.ஐ. நிரப்பிய இன்னொரு விதமாகவும் தயாரித்து, 6 ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தது. கண்டறிந்த நோய்களில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கும் என்று முடிவு. பார்வைத் தரத்தில் வேகப்படத்துக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்.

அதில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. அது முழுசாக எடுத்த தரவிலிருந்து பிறகு வரிகளைக் கழித்துச் செய்தது, நோயாளியை உண்மையிலேயே குறைந்த நேரம் படுக்க வைத்து எடுத்தது கிடையாது. 2023இல் அதே மருத்துவமனைக்காரர்கள் உண்மையிலேயே குறைந்த நேரத்தில் எடுத்து ஒப்பிட்டார்கள், முடிவு தாக்குப்பிடித்தது. முழங்காலுக்கு எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. முழங்காலைத் தாண்டி ஒவ்வொரு உறுப்புக்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

ரேடியாலஜிஸ்டிடம் போனால் கேட்க வேண்டியது "ஏ.ஐ.யா?" என்பதைவிட: எத்தனை மடங்கு வேகம், சந்தேகமான இடம் ஒரே தளத்தில் மட்டும் தெரிகிறதா, வேறு கோணத்திலும் வேறு கான்ட்ராஸ்டிலும் தெரிகிறதா. பக்கவாட்டுப் படத்திலும் குறுக்குப் படத்திலும், டி1, டி2 என்ற இரண்டு கான்ட்ராஸ்ட் வகைகளிலும் ஒரே இடத்தில் ஒரே வீக்கம் என்றால், தனித்தனியாக அளந்த தரவுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வது கடினம். நல்ல டாக்டர்கள் கேட்காமலே இதைச் செய்வார்கள்.

பிப்ரவரி 10, காலை 7:20

"பிறகு கழித்துப் பார்ப்பது" பற்றி நேற்று எழுதியதற்கு ஒரு வால். 2022இல் எஃப்ராட் ஷிம்ரன், லஸ்டிக் குழு ஒரு கட்டுரை போட்டது, தலைப்பிலேயே 'டேட்டா கிரைம்' என்று வரும். பொதுவெளியில் கிடைக்கும் எம்.ஆர்.ஐ. படங்கள் பல ஏற்கெனவே மெஷினுக்குள் மெருகேறி, ஓரங்களில் பூஜ்யம் நிரம்பி, ஜேபெக்காகச் சுருங்கி வந்தவை. அவற்றைத் திரும்ப ஃபூரியர் ஆக்கி, "இதுதான் கே-ஸ்பேஸ்" என்று சொல்லிப் பாதி வரிகளைக் கழித்தால் அல்காரிதம் ஜொலிக்கும். ஏனென்றால் கடினமான பகுதி ஏற்கெனவே போய்விட்டது. பழைய முறை, புது முறை இரண்டுமே இப்படி ஜொலித்தன.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் கிடைத்த பி.என்.ஜி.யை ஃபூரியர் செய்து ப்ராஜெக்ட் காட்டாதீர்கள். நான் வைவாவில் உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான்.

பிப்ரவரி 10, இரவு 11:15

கடைசித் திசைமாற்றம், வாக்குறுதி. ஊகித்து நிரப்புவதை ஒழுக்கமாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் நான் கருந்துளைக்காரர்களைச் சொல்வேன்.

2019 ஏப்ரல் 10இல் வந்த அந்த ஆரஞ்சு வளையம், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம். 55 மில்லியன் ஒளியாண்டு தூரம். 2017இல் 7 தொலைநோக்கிகள் 5 இடங்களிலிருந்து அதைப் பார்த்தன. அவையும் ஃபூரியர் எண்களைத்தான் அளக்கின்றன, அதுவும் பூமியளவுத் தட்டில் அங்கங்கே சில கோடுகள். எம்.ஆர்.ஐ.காரனுக்கு அந்தக் கே-ஸ்பேஸைப் பார்த்தால் அழுகை வரும். அவர்கள் செய்தது: நான்கு குழுவாகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே படம் தயாரித்தார்கள். இரண்டு குழு 1974இலிருந்து வானொலி வானியலில் இருக்கும் க்ளீன் முறை, இரண்டு குழு புது வகைக் கணக்கு. நான்கிலும் வளையம். அது போதாது என்று, வளையமே இல்லாத போலிப் படங்களை, நிரம்பிய தட்டு, இரண்டு புள்ளிகள் என்று உருவாக்கி, அதே கோடுகளால் அளப்பதாகப் பாவித்து, கணக்கு அவற்றை வளையமாக்கிவிடுகிறதா என்று பார்த்தார்கள். எதிர்பார்ப்பதையே காட்டும் அமைப்புகளை வடிகட்டினார்கள்.

அப்படியும் ஜப்பானில் ஒரு குழு 2022இல், அதே தரவிலிருந்து எங்களுக்கு வளையம் வரவில்லை என்றது. மூலக்குழு மறுத்தது. 2018இல் கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்து எடுத்த படம் 2024 ஜனவரியில் வந்தது; வளையம் அதே அளவு, பிரகாசமான பகுதி மட்டும் சுமார் 30 டிகிரி நகர்ந்திருந்தது. எனக்கு அது போதும். ஆனால் சண்டை போட்டவர்களால்தான் இவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதையும் மறக்கவில்லை.

எங்கள் பழைய கம்பெனியில் "இல்லாத நோயுள்ள போலிப் படம்" சோதனை செய்யலாமா என்று நான் கேட்டபோது, ரிலீஸ் தேதி நெருங்குகிறது என்று பதில் வந்தது.

பிப்ரவரி 12, காலை 6:30

வீட்டில் செய்து பார்க்க முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முடியும், ஜி.பி.யூ. வேண்டாம். பைத்தானில் ஸ்கிமேஜ் தொகுப்பிலேயே ஷெப்-லோகன் படம் இருக்கிறது. நம்பை (NumPy) தொகுப்பில் ஃபூரியர் எடுங்கள், மையத்தின் வழியே 22 கோடுகளை வைத்து மிச்சத்தைப் பூஜ்யமாக்குங்கள். நேரே திருப்பினால் கீறல் படம். பிறகு இரண்டு படிகளை மாறி மாறி: டோட்டல் வேரியேஷனைக் (முன்பு சொன்ன ஏற்ற இறக்கத்தின் மொத்தம்) குறைத்துப் படத்தைக் கொஞ்சம் வழுவழுப்பாக்கு, அளந்த கோடுகளில் அளந்த எண்களைத் திரும்ப எழுது. சில நூறு சுற்றில் படம் தேறி வருவதைப் பார்க்கலாம்.

தேறியதும் படத்துக்குள் ஒரு சின்ன எழுத்தை ஒளித்து வைத்துத் திரும்ப ஓட்டுங்கள். கோடுகளை 22லிருந்து குறைத்துக்கொண்டே போய், எழுத்து எந்த இடத்தில் காணாமல் போகிறது, எழுத்து போன பிறகும் மிச்சப் படம் எத்தனை கோடு வரை நன்றாகத் தெரிகிறது என்று குறித்து இங்கே போடுங்கள். கோடுகளைக் குலுக்கும்போது மையத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் படமே வராது, பிறகு என்னைத் திட்டக்கூடாது.